முத்தியால்பேட்டை மாடியில் ஒரு பேஸ் ஆம்ப்: நான்கு இரைச்சல்களும் அறுந்த எர்த்தும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரைக்குச் சில தெருக்கள் தள்ளி, ஒரு வீட்டு மாடியில் மெல்லிசைக் குழு ஒன்று ஒத்திகை பார்க்கிறது. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் என்று வருஷம் முழுக்க அவர்களுக்கு நிகழ்ச்சி உண்டு. 1982-இல் பிரான்ஸில் தொடங்கி, பிரெஞ்சுத் தொடர்பால் இந்த ஊருக்கும் வந்து சேர்ந்த ஜூன் 21 இசைத் திருநாளிலும் வாசிப்பார்கள். அதற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பேஸ் கித்தார் வாசிக்கும் தம்பி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஆம்ப் போயிடுச்சு. ஸ்பீக்கர்ல எப்பப் பாத்தாலும் உர்ர்ருன்னு சத்தம். புதுசு வாங்கிடலாம்னு பேசிட்டோம். பழசு என்ன விலைக்குப் போகும்னு மட்டும் வந்து பாத்துச் சொல்லுங்க."

விலை சொல்லும் முன் சத்தத்தைக் கேட்கிறேன் என்றேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு "உர்ர்" என்ற ஒரு சொல் போதாது. அடித்தொண்டையில் ஒருவர் ராகம் இழுப்பது மாதிரி வந்தால் அது ஹம். அதே சத்தம் முள்முள்ளாக வந்தால் பஸ் (buzz). கரகரவென்று விட்டு விட்டு வந்தால் தொடர்புக் கோளாறு. ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ஏதோ அதிர்ந்தால் அது மின்சாரக் கோளாறே இல்லை. அந்த மாடியில் இவை எல்லாமே இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றதால் அவர்கள் காதுக்கு ஒரே சத்தமாகக் கேட்டது.

அறையில் இருந்தவை இவை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு வைத்த ஜாஸ் வகை பேஸ். எஃபெக்ட் பெடல் ஒன்று, அதற்குச் சின்ன அடாப்டர். டிரான்சிஸ்டர் வகை ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி), தனியாக 15 இஞ்ச் ஸ்பீக்கரும் ட்வீட்டரும் உள்ள கேபினெட். மிக்ஸருக்கு நேரே ஒலி அனுப்ப ஹெட்டின் பின்புறத்தில் இருக்கும் டிஐ அவுட்டிலிருந்து ஒரு கேனன் (எக்ஸ்எல்ஆர்) கேபிள் பக்கத்து அறை மிக்ஸருக்குப் போகிறது. மிக்ஸருக்குக் கரண்ட் அந்த அறை போர்டிலிருந்து. ஆம்ப்புக்கும் பெடலுக்கும் இந்த அறை போர்டில் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து.

ஆம்ப் குற்றவாளியா?

முதலில் ஹெட்டில் செருகியிருந்த எல்லாவற்றையும் கழற்றினேன். பேஸ் இல்லை, பெடல் இல்லை, டிஐ கேபிள் இல்லை. வால்யூம் பூஜ்யம். ஸ்பீக்கருக்கு மட்டும் இணைப்பு. காதைக் கிட்டே வைத்தால் ட்வீட்டரில் மெல்லிய உஸ், அவ்வளவுதான். பவர் சப்ளையில் உள்ள பெரிய ஃபில்ட்டர் கெபாசிட்டர்கள் காய்ந்து போயிருந்தால் வால்யூம் பூஜ்யத்திலும் 100 ஹெர்ட்ஸில் கனமாக ஹம் வரும். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதை ரெக்டிஃபயர் நேராக்கும்போது மிச்சமாகும் அலை அதன் இரட்டிப்பு, அதனால் 100. அது இங்கே இல்லை. வால்யூமை மெல்ல ஏற்றினேன், உஸ் கொஞ்சம் கூடியது, உர்ர் வரவில்லை.

அந்த நிமிஷமே தம்பியிடம் சொல்லிவிட்டேன், இந்த ஆம்ப்பை விற்க வேண்டாம் என்று. வால்யூம் பூஜ்யத்தில் சும்மா இருக்கும் ஆம்ப்பில் பவர் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இரைச்சலைத் தேட வேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் பொருட்களிலும் அதைச் சுற்றி ஓடும் ஒயரிலும்.

பேஸை நேராகச் செருகியதும் பஸ் வந்தது. பெடலை நடுவில் போட்டதும் நன்றாகவே கூடியது. கம்பியைத் தொட்டால் குறைகிறது, கையை எடுத்தால் ஏறுகிறது. இதைப் பலர் பேஸில் ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) சரியில்லை என்று முடித்துவிடுவார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னார். செருப்புப் போட்டு வாசித்தால் சத்தம் அதிகம், வெறுங்காலோடு நின்றால் குறைச்சல் என்று. அப்புறம், வெறுங்காலோடு நின்று மைக் பக்கம் முகத்தைக் கொண்டு போனால் உதட்டில் சுர்ரென்று இழுக்கிறதாம். "அது எல்லா மேடையிலும் இருக்கறதுதானே அண்ணா" என்றார்.

இருக்கக் கூடாது தம்பி.

டெஸ்டரை எடுத்து பேஸின் பிரிட்ஜில் வைத்தேன். உள்ளே இருக்கும் சின்ன நியான் பல்ப் மங்கலான ஆரஞ்சில் எரிந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கின் கம்பி வலையிலும் வைத்தால் 74 வோல்ட். டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைவான கரண்டைத்தான் இழுக்கும், அதனால் சின்னக் கசிவைக்கூடப் பெரிய எண்ணாகக் காட்டும். அந்த 74 வோல்ட்டுக்குப் பின்னால் ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அன்று இல்லை. ஆனால் எண் ஒன்றை உறுதியாகச் சொன்னது: ஹெட்டின் உலோக உடம்பு எர்த்தில் இல்லை, மிதக்கிறது. ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் பெடல் அடாப்டரின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வழியாகவும் கசியும் மின்சாரத்துக்கு மண்ணுக்குப் போக வழியில்லை. அது பேஸின் கம்பிக்கு வந்து, வாசிப்பவர் உடம்பு வழியாக இறங்குகிறது. பஸ் சத்தம் அதன் குரல். செருப்பு அந்த வழியை அடைத்தது, அதனால்தான் செருப்போடு நின்றால் சத்தம் கூடியது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்ளே

மெயினை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்று பின் டாப்பைக் கழற்றினேன். பச்சை ஒயர் பெரிய பின்னுக்குப் போகவில்லை. சுத்தமாக வெட்டி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒரு ஓரமாக மடித்து வைத்திருந்தது. அறுந்து போனதில்லை, யாரோ தெரிந்தே செய்தது.

விசாரித்ததில் கதை தெரிந்தது. முன்பு ஒரு முறை ஆம்ப்பையும் மிக்ஸரையும் டிஐ கேபிளால் இணைத்தபோது கனமான ஹம் வந்திருக்கிறது. சத்தம் போக வேண்டுமென்று ஒருவர் எர்த்தை வெட்டிவிட்டார். சத்தமும் போய்விட்டது. அதனால் வேலை சரியாக முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள்.

அப்படியானால் அன்றிலிருந்தே பஸ்ஸும் சுர்ரும் இருந்திருக்க வேண்டுமே, ஏன் இப்போதுதான் வந்தது? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது. கேனன் கேபிளின் இரண்டு முனையையும் திறந்து பார்த்ததில் விடை கிடைத்தது. கேனனில் மூன்று பின். 2-உம் 3-உம் ஒலியைக் கொண்டுபோகும், 1 ஷீல்டுக்கு. மிக்ஸர் பக்கத்து முனையில் 1-ஆம் பின்னில் சால்டரிங் பச்சை பூத்து, ஷீல்டு ஒயர் கையோடு வந்துவிட்டது. கடல் காற்று செய்த வேலை. முத்தியால்பேட்டையிலும் வைத்திக்குப்பத்திலும் கேட் தாழ்ப்பாள் என்ன கதிக்கு ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஆக நடந்தது இதுதான். எர்த் வெட்டப்பட்ட நாள் முதல், ஆம்ப்பின் எர்த் முழுக்க அந்த மெல்லிய ஷீல்டு ஒயர் வழியாக மிக்ஸருக்குப் போய், அங்கிருந்து அந்த அறை போர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனிதரின் உயிர் நூல் கனத்தில் ஒரு சால்டரிங்கில் தொங்கியிருக்கிறது. அது துருப்பிடித்து விட்டதும் ஆம்ப் மிதக்க ஆரம்பித்தது. ஆனால் ஒலி 2, 3 பின் வழியாகப் போய்க்கொண்டே இருந்ததால் மிக்ஸரில் இருந்தவருக்குக் கேபிள் நன்றாக இருப்பதாகவே தோன்றியது. யாருமே அதைச் சந்தேகப்படவில்லை. பழி ஆம்ப் மேல் விழுந்தது.

எர்த்தை வெட்டுவது பற்றி நான் மெதுவாகப் பேசுவதில்லை. அன்று கசிவு சின்னது. அதே டிரான்ஸ்ஃபார்மரில் நாளை இன்சுலேஷன் கெட்டால் 230 வோல்ட்டும் முழுசாகக் கம்பிக்கு வரும். இடது கை கம்பியில், உதடு எர்த் உள்ள மைக்கில். மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். எர்த் இருந்தால் அந்தக் கணமே ஃபியூஸ் போகும் அல்லது டிரிப் ஆகும். 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து ரசிகர்கள் முன்னாலேயே இறந்தார். சத்தத்தைக் குறைக்க ஆயிரம் வழி உண்டு. டாப்பின் எர்த் பின்னை மட்டும் யாரும் துண்டிக்கக் கூடாது.

எர்த்தைச் சேர்த்ததும் திரும்பி வந்த ஹம்

பச்சை ஒயரை இறுக்கிப் பூட்டினேன். பஸ்ஸில் பெரும்பகுதி அங்கேயே அடங்கியது. கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம். வீட்டு எர்த்தையும் பார்த்துவிடலாம் என்று போர்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 14 வோல்ட். அது சரியில்லை. பின்கட்டில் கிணற்றோரம் இருந்த எர்த் குழியில், ஜிஐ பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் துருவேறிக் கழன்றிருந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து கிளாம்ப்பை மாற்றி, குழியில் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றரை வோல்ட்டுக்கு வந்தது. இந்தக் கரையோர மணல் தண்ணீரை நிறுத்தாது. கோடையில் எர்த் குழிக்கு அடிக்கடி தண்ணீர் விட வேண்டும், வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் கேனனில் 1-ஆம் பின்னைப் புதிதாகச் சால்டர் செய்து ஆம்ப்பையும் மிக்ஸரையும் இணைத்தேன். உம்ம் என்று கனமான ஹம். முன்பு ஒருவரை எர்த்தை வெட்ட வைத்த அதே சத்தம்.

இந்த இடத்தில் பேஸ்காரர்களுக்குக் கையிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்த்த பேஸில் E கம்பியின் மூன்றாம் பிரெட் G சுரம், 49 ஹெர்ட்ஸ். ஹம் ஒலிக்கும்போது அதை மெல்ல மீட்டி நீளவிட்டால் இரண்டும் மோதி அலை அலையாக ஏறி இறங்கும். வினாடிக்கு ஏறக்குறைய ஒரு அலை என்றால் ஹம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு அலை என்றால் அந்த சுரத்தின் மேல்கிளையான 98-உடன் 100 ஹெர்ட்ஸ் மோதுகிறது என்று பொருள். தம்பியை வாசிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் தட்டிக் கணக்கெடுத்தார். "ஒண்ணுதாண்ணா." ஐம்பது. அதாவது ஆம்ப்பின் உள்ளே ரெக்டிஃபயரில் பிறந்ததில்லை, வீட்டு ஒயரிங்கிலிருந்து வருவது.

காரணம் எர்த் லூப். ஆம்ப்பிலிருந்து ஒரு எர்த் இந்தப் போர்டுக்கு, மிக்ஸரிலிருந்து ஒரு எர்த் அந்தப் போர்டுக்கு, இரண்டும் கீழே மெயின் பெட்டியில் சேருகின்றன. நடுவில் கேபிளின் ஷீல்டும் இரண்டையும் இணைக்கிறது. ஆக இரண்டு அறையைச் சுற்றி ஒரு பெரிய வளையம். பக்கத்தில் ஓடும் கரண்ட் அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸைத் தூண்டிவிடுகிறது. அது ஷீல்டு வழியாக ஓடி ஒலியில் கலக்கிறது. வளையத்தை எங்காவது ஓரிடத்தில் துண்டித்தால் ஹம் நிற்கும். எர்த்தை வெட்டியவரும் அதைத்தான் செய்தார், ஆனால் உயிர் காக்கும் பக்கத்தில் வெட்டினார். துண்டிக்க வேண்டியது ஒலிக் கேபிளின் ஷீல்டை. அதற்கென்றே அந்த ஹெட்டின் பின்னால், டிஐ அவுட்டை ஒட்டி, கிரவுண்ட் லிஃப்ட் என்று எழுதிய ஒரு சின்னப் பட்டன் இருந்தது. நகக்கண் அளவுதான். அழுத்தினேன், ஹம் நின்றது. தம்பி கொஞ்ச நேரம் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஹெட்டிலும் அது இருக்காது. இல்லாதவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம், அதில் இருக்கும்.

மிக்ஸரையும் ஆம்ப்பையும் ஒரே போர்டிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது, வளையம் சின்னதாகிவிடும். அந்த வீட்டில் மிக்ஸர் மேசையை நகர்த்த இடமில்லை.

மிச்சம் இருந்தவை

லேசான பஸ் ஒன்று இன்னும் இருந்தது. பேஸைத் தோளில் மாட்டியபடி தம்பியை மெல்லச் சுற்றி நிற்கச் சொன்னேன். சுவரைப் பார்த்து நின்றால் அதிகம், ஜன்னல் பக்கம் திரும்பினால் காணோம். திசைக்குத் திசை மாறினால் அது பிக்கப் காற்றிலிருந்து பிடிப்பது. சிங்கிள் காயில் பிக்கப்பின் இயல்பு அது. ஃபேனை நிறுத்தினால் போய்விட்டது. சுவரில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், வேகத்தைக் குறைக்கக் கரண்ட் அலையை வெட்டி வெட்டி விடும் வகை. அந்த வெட்டு ஒவ்வொன்றும் பிக்கப்பில் முள்ளாக ஏறும். கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் வகை ரெகுலேட்டருக்கு மாற்றியதும் ஃபேன் ஓடும்போதும் அமைதி. பேஸின் இரண்டு பிக்கப் வால்யூமையும் சமமாக வைத்தால் ஹம் தன்னாலேயே குறையும் என்பதையும் காட்டினேன். ஜாஸ் வகையில் பெரும்பாலும் ஒரு பிக்கப்பை மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். சமமாக இருக்கும்போது ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சுரம் அழியாது. இந்த பேஸ் அப்படித்தான் இருந்தது.

கரகர சத்தம் ஹெட்டின் மேல் கையால் தட்டினால் வந்தது, கூடவே ஒலி சட்டென்று இறங்கி ஏறியது. வெளி எஃபெக்ட்டை நடுவில் சேர்ப்பதற்கான எஃபெக்ட் லூப்பின் சென்ட், ரிட்டர்ன் ஜாக் இரண்டையும் ஒரு குட்டி பேட்ச் கேபிளால் இணைத்தேன், கரகர நின்றது. ரிட்டர்ன் ஜாக்கில் எதையும் செருகாதபோது ஒலி அதன் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகட்டுத் தொடர்பு வழியாகத்தான் போகும். உப்புக் காற்றில் அது கறுத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, கித்தார் கேபிள் முனையில் இருக்கும் பி 38 பின்னைப் பலமுறை செருகி எடுத்ததில் சரியானது. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதில் அடிக்காதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்கு கித்தார் கேபிள் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு 1.5 ஸ்கொயர் எம்எம் இரட்டை ஒயரில் ஸ்பீக்கர் கேபிள் செய்து கொடுத்தேன்.

கடைசியாக அந்த அதிர்வு. திறந்த D கம்பியை அழுத்தி மீட்டினால் மட்டும் ஜர்ரென்று ஏதோ அதிர்ந்தது. D என்றால் சுமார் 73 ஹெர்ட்ஸ். போனில் டோன் ஆப் ஒன்றைப் போட்டு 40-இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். 70-ஐத் தாண்டியதும் ஜர்ர், 80-க்கு மேல் போனதும் இல்லை. ஸ்பீக்கர் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் உரசினால் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வராது. இருந்தாலும் கரண்டை அணைத்துவிட்டு கோனை இரு கையாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்தேன், உரசல் இல்லை. டோனை 73-இல் நிறுத்திவிட்டு கேபினெட்டின் கைப்பிடி, மூலைத் தகடு, கிரில் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துக்கொண்டே வந்தேன். ஸ்பீக்கர் விளிம்பின் கீழ்ப்பக்கத்தை அழுத்தினால் பாதி நின்றது. மழைக்காலத்தில் ஒழுகிய தண்ணீர் கேபினெட் அடியில் தேங்கி, பிளைவுட் ஊறி, கீழ் ஸ்குரூக்கள் பிடிப்பு விட்டிருந்தன. புது நட்டு வைத்து, கேஸ்கெட் போட்டு இறுக்கினேன்.

மீதிப் பாதி கேபினெட்டில் இல்லை. சுவரோரம் நின்ற இரும்பு பீரோவின் மேல், சூட்கேஸுக்குப் பின்னால், ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்ததும் அறை சுத்தமானது. டிரம்ஸில் ஸ்னேர் கம்பியும் இப்படித்தான் பேஸுக்கு அதிரும். ஓய்வில் அதன் லீவரைத் தளர்த்திவிடச் சொன்னேன்.

மேடையில் பார்த்தது

இந்தச் சீரமைப்புக்குப் பிறகு குழு கடலூர் பக்கம் ஒரு திருவிழா மேடையில் வாசித்தபோது நானும் போயிருந்தேன். அங்கே கரண்ட் ஜெனரேட்டரில். மேடைக்குப் போனதும் தம்பி முதலில் செய்தது டெஸ்டரைக் கம்பியில் வைத்ததுதான். பல்ப் எரிந்தது. ஜெனரேட்டர்காரரிடம் எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அடிக்கவில்லை. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவர் ராடைக் கொண்டுவந்து ஈர மண்ணில் அடித்து, ஜெனரேட்டர் பாடியோடும் நியூட்ரலோடும் சேர்த்தார். ஆம்ப்பின் லைனை சீரியல் செட் ஓடும் பெட்டியிலிருந்து மாற்றி மிக்ஸர் பெட்டியிலிருந்தே எடுத்தார்கள். கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் ஏற்கெனவே அழுத்தித்தான் இருந்தது. நிகழ்ச்சி முழுக்க பேஸ் சேனலில் ஒரு ஹம்மும் இல்லை.

முத்தியால்பேட்டை வீட்டு மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இப்போது போட்டிருக்கிறது. எர்த் எங்காவது மறுபடி விட்டுப்போனாலும், கசிவு அந்த அளவைத் தாண்டினால் அது டிரிப் ஆகும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதைத் தம்பி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். ட்வீட்டரில் அந்த மெல்லிய உஸ் இன்னும் உண்டு. பெரிய ஆம்ப் எதிலும் கொஞ்சம் இருக்கும். ட்வீட்டர் அளவைக் குறைக்கும் திருகைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன், அதற்கு மேல் குறைத்தால் விரல் கம்பியில் விழும் சத்தமும் போய்விடும்.